தடம் அறிதல்

ஊவா மாகாணத்தின் தென்கோடியில் இருப்பது கதிர்காமம். வேடர் குலத்துப் பெண்ணாகிய வள்ளி அந்த மலைச்சாரலிலே தினைப்புனம் காத்தாள் என்பதும், முருகன் வேட்டுவ வேடம் பூண்டு வந்து அவளைக் கண்டான் என்பதும் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் கதை. அதன் தெய்விகச் சிறப்பு ஒருபுறம் இருக்க, உழவர் அறிந்த உண்மை ஒன்றும் அக்கதையில் அடங்கியிருக்கிறது. மலையிலே பயிரிடுகிறவனுக்கு விதைப்பது பாதி வேலை, காப்பது மறுபாதி. பரண்மீது இருந்து கவண் வீசியும், தட்டை ஒலித்தும், கூவியும் புனத்தைக் காத்த குறிஞ்சி நில மக்களின் வாழ்க்கையைச் சங்கப் புலவர்கள் விரிவாகப் பாடியிருக்கிறார்கள். அந்தக் காவல் இன்றும் முடிந்தபாடில்லை. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, பண்டாரவளை முதலிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில், லயத்துக்குப் பின்னால் உள்ள சிறு துண்டு நிலத்தில் மரக்கறி பயிரிடும் குடும்பங்கள் அதே காவலைத்தான் வேறு விதமாகச் செய்துகொண்டிருக்கின்றன.

பகலெல்லாம் மலையிலே கொழுந்து பறித்தும், கவ்வாத்து வெட்டியும், கான் வெட்டியும் களைத்து வருகிறவர்கள் மாலைப் பொழுதில் தம் சொந்தப் பாத்திகளைக் கொத்துகிறார்கள். போஞ்சி, கோவா, உருளைக்கிழங்கு, மரவள்ளி, வத்தாளங்கிழங்கு ஆகியவை அங்கே விளைகின்றன. கொட்டிலில் ஒரு பசு, கூண்டில் ஏழெட்டுக் கோழிகள், வாசலில் ஒரு நாய். இவ்வளவுதான் அக்குடும்பத்தின் பண்ணை. நாட் கூலிக்கு மேல் கையில் நாலு காசு புரளுவதும், பிள்ளையின் பாடசாலைச் செலவு தீருவதும் இந்தப் பண்ணையினாலேயே. ஒரே இரவில் கிழங்குப் பாத்தி முழுவதும் புரட்டப்பட்டுக் கிடந்தால், அல்லது விடியற்காலையில் கன்று கட்டியிருந்த முளை மாத்திரம் எஞ்சியிருந்தால், அந்த இழப்பைத் தாங்குவது அக்குடும்பத்துக்கு எளிதன்று. அப்படிப்பட்ட காலை வேளையில் வீட்டாரின் மனத்தில் முதலில் எழுவது கோபம். ஆயினும் முதலில் எழ வேண்டியது ஒரு கேள்வி: வந்தது எது? அந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காவிட்டால், அதன்பின் செய்யும் பரிகாரமெல்லாம் பிழையாகவே முடியும்.

விலங்குகள் லயத்தருகே ஏன் வருகின்றன என்பதை உணர்வதற்கு நிலத்தின் அமைப்பை அறிய வேண்டும். பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில், பதுளு ஓயாவை ஒட்டி அமைந்திருக்கிறது. அதற்குத் தென்கிழக்கே நமுனுகுலை மலை 2,000 மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கிறது. தென்மேற்கே அப்புத்தளைத் தொடர் 1,400 மீற்றர் உயரத்தில் சுவர்போல நின்று, தெற்கே வெல்லவாய, புத்தல முதலிய உலர்ந்த சமவெளிகளை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கங்களுக்கிடையே மூன்று வகை நிலங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மலையுச்சிகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் எஞ்சியுள்ள காடு ஒன்று. மாணாப் புல் அடர்ந்த பத்தனை வெளி மற்றொன்று. இவ்விரண்டின் இடையிலே விரிந்து கிடக்கும் தேயிலை மூன்றாவது. காட்டிலிருந்து பத்தனைக்கும், பத்தனையிலிருந்து நீருக்கும் செல்லும் விலங்கு தேயிலையைக் கடந்தே செல்ல வேண்டும். அந்தத் தேயிலையின் நடுவிலேதான் லயங்கள் இருக்கின்றன.

இந்த அமைப்பு இயற்கையாக ஏற்பட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகவும், பின்னர்த் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. கோப்பியை மாய்த்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமையிலேதான், ஆண்டு 1869. அதன் பிறகு கோப்பி நின்ற சரிவுகளிலே தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகைவண்டிப் பாதை பதுளை வரை வந்து சேர்ந்தது. காடு சுருங்கியது; மனிதர் பெருகினர்.

அக்காலத்தில் விலங்குகள் எவ்விதம் நடத்தப்பட்டன என்பதற்குப் பதுளையிலேயே ஒரு சான்று உண்டு. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். மலைநாட்டிலே தெருக்கள் அமைத்தவர். ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளை அவர் ஒருவரே சுட்டு வீழ்த்தினார் என்று சொல்லப்படுகிறது. 1845ஆம் ஆண்டு யூன் மாதம் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். அவருடைய நினைவைத் தாங்கிய புனித மாற்கு தேவாலயம் பதுளை நகரில் இன்றும் நிற்கிறது. யானைகளோ அந்த உயர்ந்த மலைகளை விட்டு மறைந்து, மொனராகலை, வெல்லவாய, மகியங்கனை முதலிய தாழ்நிலப் பகுதிகளிலே ஒதுங்கிவிட்டன. பெரிய விலங்கு போய்விட்டது. ஒளிந்து வாழத் தெரிந்தவை தங்கிவிட்டன. காட்டுப் பன்றி, முள்ளம்பன்றி, மரை, நரி, மரநாய், சிறுத்தை ஆகியவை பகலிலே கண்ணுக்குப் படாமல் மனிதரின் அருகிலேயே வாழக் கற்றுக்கொண்டவை. ஆதலால் அவற்றை அறிவதற்கு அடையாளங்களே துணை.

அடையாளங்களைப் பார்ப்பதற்கு உகந்த நேரம் விடியற்காலை. மழை விட்ட மறுநாள் கான்களின் ஓரத்திலும், பீலிக்கரையின் ஈர மண்ணிலும், குறுக்குப் பாதையின் சேற்றிலும் தடம் தெளிவாகப் பதிந்திருக்கும். பிரட்டுக்கு ஆட்கள் நடமாடத் தொடங்கிவிட்டால் எல்லாம் கலைந்து போகும். தடம் பார்க்கிறவன் சூரியனைத் தனக்கு எதிரே வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. சாய்ந்து வரும் வெயிலில் பள்ளமும் மேடும் நிழலால் தெரியும்.

பாத்தி உழுதாற்போல் கிளறுண்டு, மண்கட்டிகள் இருபுறமும் புரண்டு கிடந்தால் அது காட்டுப் பன்றியின் வேலை. பன்றி மூக்கினால் மண்ணைத் தோண்டுவது. கிழங்கை மட்டும் அன்றி மண்புழுவையும், வண்டின் முட்டுப் புழுவையும் தேடித் தின்னும் இயல்புடையது. ஆகையால், கிழங்கே இல்லாத ஈர நிலத்தையும் கானின் கரையையும் அது புரட்டிப் போட்டிருக்கக் காணலாம். அதன் குளம்பு இரண்டாகப் பிளந்தது; மெத்தென்ற மண்ணில் பின்புறத்தே இரு சிறு குளம்புகளின் சுவடும் சேர்ந்து விழும். அருகில் உள்ள சேற்றுக் குழியிலே அது புரண்டிருக்கும். புரண்டெழுந்த பின் உடம்பைத் தேய்த்த மரத்தின் அடியில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அந்தச் சேறு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் வந்தது குட்டியா, முதிர்ந்த பன்றியா என்பதும் விளங்கிவிடும்.

முள்ளம்பன்றியின் செயல் வேறு. அது பாத்தி முழுவதையும் புரட்டாது. ஒவ்வொரு செடியின் அடியையும் குறிபார்த்துத் தோண்டிக் கிழங்கைக் கடிக்கும். எஞ்சிய கிழங்கிலே உளியால் செதுக்கியதுபோல் அகன்ற இரட்டைப் பற்குறி தெரியும். மரவள்ளியும் வத்தாளையும் அதற்கு மிகவும் விருப்பம். கறுப்பும் வெள்ளையுமான முள் ஒன்றிரண்டு வேலியில் உதிர்ந்து கிடந்தால் ஐயத்துக்கே இடமில்லை. மரை வந்திருந்தால் செடியின் நுனி மேயப்பட்டிருக்கும். கன்றின் குளம்பை ஒத்த கூரிய தடம் காணப்படும். கொம்பு தேய்த்த இளமரத்தின் பட்டை உரிந்து தொங்கும். முயல் மேய்ந்த தண்டு கத்தியால் சரிவாக நறுக்கியதுபோல் இருக்கும். பக்கத்தில் உருண்டையான புழுக்கைகள் சிதறிக் கிடக்கும். குரங்குக்கு அடையாளம் தேட வேண்டியதே இல்லை. அது பகலில் வந்து, பாதி கடித்துப் பாதி எறிந்துவிட்டுப் போவது.

கோழிக் கூண்டைத் தாக்குவன பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. நரி ஒரு கோழியைக் கவ்விக்கொண்டு தூரத்துக்கு ஓடிவிடும். இறகுகள் வழிநெடுக உதிர்ந்து கிடக்கும். கீரி பகற் கள்வன். முட்டையை உடைத்துக் குடிப்பதும், குஞ்சின் கழுத்தைக் கடிப்பதும் அதன் வழக்கம். மரநாயும் புனுகுப் பூனையும் சந்து வழியாக இரவிலே நுழைந்து, சில வேளைகளில் தின்னக்கூடியதற்கு மேலாகவே கொன்றுவிடும். மரநாய் பழந்தின்னியும் ஆகையால், கல்லின்மேலும் கட்டையின்மேலும் அது இட்ட எச்சத்திலே கோப்பிக் கொட்டையும் கித்துள் விதையும் முழுசாகக் கிடக்கும். பருந்து முதலிய பறவைகள் பிடித்த இடத்தில் இறகு குவியலாகப் பிடுங்கப்பட்டிருக்கும். இறகும் இல்லை, இரத்தமும் இல்லை, கோழியை மாத்திரம் காணவில்லை என்றால் மலைப்பாம்பை நினைக்கலாம். அல்லது இரண்டு கால் உள்ள கள்வனை நினைக்கலாம்.

இனிச் சிறுத்தையைப் பற்றிக் கூற வேண்டும். தோட்டத்து மக்கள் அதனைப் புலி என்றே அழைப்பார்கள். வரிப்புலி இலங்கைக் காடுகளில் இல்லாமையால் அந்தப் பெயரால் மயக்கம் ஏதும் விளைவதில்லை. இந்தத் தீவின் சிறுத்தையைத் தனியொரு கிளையினமாக வகுத்து, சிங்களப் பெயராகிய கொட்டியா என்பதையே அதற்கு அறிவியற் பெயராகச் சூட்டியவர் பி. ஈ. பி. தெரணியகல, ஆண்டு 1956. சிங்கமும் வரிப்புலியும் ஓநாயும் இல்லாத இத்தீவில் தரை மீது வேட்டையாடும் விலங்குகளுக்கெல்லாம் தலைமையானது அதுவே. யால போன்ற சரணாலயங்களில் மட்டுமே அது வாழ்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அஞ்சலி வாட்சன், அண்ட்ரூ கிட்டில் முதலிய ஆய்வாளர்கள் மலைநாட்டிலே தானியங்கிக் கமராக்களைப் பொருத்திச் செய்துவரும் ஆய்வுகள், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே உள்ள சிறு காடுகளிலும் சிறுத்தைகள் வாழ்ந்து, குட்டி ஈன்று வருவதைக் காட்டியுள்ளன. கொழுந்து பறிக்கும் பெண்கள் இந்த உண்மையை ஆய்வு நடப்பதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

சிறுத்தையின் தடத்தை நாயின் தடத்திலிருந்து பிரித்தறிவது தோட்டத்திலே வாழ்கிறவர்களுக்கு இன்றியமையாத கல்வி. இரண்டிலும் நான்கு விரற் குறிகள் உண்டு. நாயின் தடம் நீண்டது; விரல்களுக்கு முன்னே நகத்தின் புள்ளிகள் விழுந்திருக்கும். சிறுத்தை நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதனால் நகக்குறி பதிவதில்லை. தடமும் வட்டமாக இருக்கும். உள்ளங்காலின் பின்விளிம்பு மூன்று மடலாகப் பிரிந்து தோன்றும். முன்னங்காலின் தடம் பின்னங்காலினதைவிட அகன்றது. வளர்ந்த சிறுத்தையின் தடம் ஏறக்குறைய 7 முதல் 9 சென்ரிமீற்றர் வரை அகலம் உடையது. அதே வட்ட வடிவில் மிகச் சிறிய தடம் ஓடைக்கரையில் கிடந்து, பக்கத்துப் பாறைமேல் மீன் செதிள் கலந்த எச்சமும் இருந்தால், அது மீன்பிடிப் பூனையாக இருக்கக்கூடும். உடலிலே புள்ளிகளும் கோடுகளும் கொண்ட அந்தக் குறுவால் பூனையைச் சிறுத்தைக் குட்டி என்று கருதி அடித்துக் கொன்ற சம்பவங்கள் பல. அறியாமையால் நேர்ந்த அந்தக் கொலைகளால் யாருடைய கன்றும் பிழைத்ததில்லை.

தடத்தைத் தவிர வேறு குறிகளும் உண்டு. சிறுத்தை தன் எல்லையைத் தெரிவிப்பதற்காகப் பாதையோரத்தில் பின்னங்கால்களால் மண்ணைப் பறித்து வைக்கும். மரத்தின் அடியிலே நகங்களால் நெடுக்காகக் கீறி வைக்கும். அதன் எச்சத்தில் மயிர் திரண்டிருக்கும். சில வேளைகளில் முள்ளம்பன்றியின் முள்துண்டும் கிடைக்கும். இரவின் அமைதியிலே, மரம் அறுக்கும் வாளை முன்னும் பின்னும் இழுப்பது போன்ற கரகரத்த ஓசை விட்டு விட்டுக் கேட்டால் அது சிறுத்தையின் குரல்.

சிறுத்தை வாய் திறவாதபோதும் அதனைக் காட்டிக் கொடுக்கிறவை இருக்கின்றன. மரை ஆபத்தை உணர்ந்தால் கணீரென்று ஒரே குரலாகக் கத்தும். கேளையாடு நாய் குரைப்பதுபோல விடாமல் குரைக்கும். மரத்தின் மேலுள்ள குரங்குகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக் கூச்சலிடும். பறவைகளின் கூச்சலையும் கவனிக்க வேண்டும். கொண்டைக்குருவியும் மைனாவும் ஒரு புதரைச் சூழ்ந்து இரைந்தால் அங்கே பாம்போ ஆந்தையோ இருக்கும் என்று ஊகிக்கலாம். லயத்து நாய்களோ அந்நியனைக் கண்டு குரைப்பது ஒரு விதம். திடீரென்று வாயடங்கி, வாலை ஒடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் புகுவது மற்றொரு விதம். இந்த இரண்டாவதைக் கண்ட முதியவர்கள் அன்றிரவு பிள்ளைகளை வெளியே விடுவதில்லை.

பருவத்துக்கும் இந்த நடமாட்டத்துக்கும் தொடர்பு உண்டு. ஊவாவுக்கு வடகீழ்ப் பருவக்காற்றே மழை தருவது. ஆடி, ஆவணி மாதங்களில் மலையைக் கடந்து வரும் வறண்ட காற்று வீசும்போது தேயிலைக்கு நறுமணம் ஏறுகிறது. ஊவாத் தேயிலையின் புகழ் அந்த மாதங்களில் விளைந்தது. அதே மாதங்களில் ஓடைகள் வற்றுகின்றன. பத்தனைகளிலே தீ பரவுகிறது. புல் எரிந்து, நீரும் அற்ற நிலையிலே, மரையும் பன்றியும் பீலிகளையும் மரக்கறிப் பாத்திகளையும் நாடி இறங்குகின்றன. இரையைத் தொடர்ந்து சிறுத்தையும் இறங்குகிறது. பத்தனைக்குத் தீ வைக்கிறவர் தம் கொட்டிலுக்கே ஆபத்தை அழைக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

மற்றொரு காரணம் லயத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. குப்பையும் எச்சில் உணவும் குவியும் இடத்தில் கட்டாக்காலி நாய்கள் பெருகுகின்றன. நாய் சிறுத்தைக்கு எளிதில் அகப்படும் இரை. நாயைத் தேடி வந்த சிறுத்தை ஒருநாள் கன்றையும் காண்கிறது. ஆட்பற்றாக்குறையால் கைவிடப்பட்டு, புல்லும் புதரும் மண்டிப்போன தேயிலை நிலங்கள் அதற்குப் பகலில் உறைவிடமாகின்றன. இவ்வாறு குப்பை, நாய், புதர் ஆகிய மூன்றும் சேர்ந்து காட்டு விலங்குக்கு லயம் வரை வழி அமைத்துக் கொடுத்துவிடுகின்றன.

இந்த அடையாளங்களை அறியாமையின் விலை யாது? கிழங்குப் பாத்தி அழிந்த மறுநாள் பலர் நாடுவது சுருக்குக் கம்பி. பழைய வாகனத்தின் பிறேக் கம்பி சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதனை வளையமாக்கி, விலங்கு நடக்கும் ஒற்றையடிப் பாதையிலே கட்டிவிட்டால் காவல் இருக்கத் தேவையில்லை என்பது அவர்கள் எண்ணம். வேலைக்குப் போய் வந்து களைத்தவனுக்கு இது பெரிய வசதியாகவே தோன்றும். அவனுடைய கஷ்டத்தை உணராமல் அவனைப் பழிப்பது நியாயமன்று. ஆனால் கம்பிக்குக் கண் இல்லை. பன்றி வரும் பாதை வழியாகவே பன்றியைத் தேடும் சிறுத்தையும் வருகிறது. கம்பி இடுப்பில் இறுகும். விடுபடுவதற்காக அது இழுக்க இழுக்க உள்ளுறுப்புகள் நசுங்கும். உயிரோடு மீட்கப்பட்ட சிறுத்தைகளும் சில நாட்களுக்குள் இறந்துபோவது இதனாலேயே.

2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், நல்லதண்ணிக்கு அருகே லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் அகப்பட்டது. கருஞ்சிறுத்தை என்பது வேறு இனமன்று. நிறம் கருமையாக அமைந்த அதே சிறுத்தை. இலங்கையில் அது மிக மிக அரிது. வனசீவராசிகள் திணைக்களத்தினர் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தும், மூன்று நாட்களுக்குப் பின், மே 29இல், அது இறந்தது. அந்தச் செய்தி உலகமெங்கும் பரவியது. புள்ளியுடைய சாதாரணச் சிறுத்தைகள் அதே விதமாக மலைநாட்டுத் தோட்டங்களிலே மடிவதோ பெரும்பாலும் உள்ளூர்ச் செய்தியாகவே நின்றுவிடுகிறது.

கம்பியில் சிக்கிய சிறுத்தையை விட மனிதருக்கு ஆபத்தானது வேறொன்று இல்லை. வலியாலும் அச்சத்தாலும் வெறிகொண்ட அது, கம்பி அறுந்த கணத்தில் எதிரே நிற்பவர்மேல் பாயும். கூட்டம் கூடி வளைத்துக்கொள்வதும் இதே போன்ற கேடு. 2018ஆம் ஆண்டு யூன் மாதம் கிளிநொச்சியில் அம்பாள்குளத்திலே ஊருக்குள் புகுந்த சிறுத்தை ஒன்று, சூழ்ந்த மக்களிற் பலரைக் காயப்படுத்தியது. முடிவில் அதுவும் அடித்துக் கொல்லப்பட்டது. தப்பிச் செல்ல வழி விட்டிருந்தால் இரு சாராருக்கும் நலமாக இருந்திருக்கும்.

சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவானது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் சிறுத்தை பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதனைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். பன்றிக்கு வைத்த கம்பியிலே சிறுத்தை இறந்தாலும் வைத்தவர் நீதிமன்றப் படி ஏற நேரிடும். கிழங்கைக் காக்கப் போய் வழக்குக்குக் காசு தேடும் நிலை ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வரலாகாது.

சட்டத்துக்கு அப்பாலும் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. சிறுத்தை எதைத் தின்று வாழ்கிறது? அதன் எச்சத்திலே காணப்படும் மயிரும் முள்ளும் அதற்கு விடை கூறுகின்றன. மரை, கேளையாடு, முயல், முள்ளம்பன்றி, குரங்கு, பன்றிக் குட்டி ஆகியவை அதன் இரைகள். பாத்தியை அழிக்கும் கூட்டத்தின் பெயர்ப் பட்டியலே ஏறக்குறைய இது. கூலி கேளாமல் இரவிலே இவற்றை வேட்டையாடுகிற காவற்காரனைக் கம்பியால் மாய்த்துவிட்டு, அடுத்த ஆண்டு பன்றி பெருகிவிட்டதே என்று வருந்துவதில் பொருளில்லை. பயிர் அழிவு என்பது நாடு முழுவதற்குமான பிரச்சினை ஆகிவிட்டது. குரங்கு, மயில், மலையணில் முதலியவற்றைக் கணக்கிடுவதற்காக 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் காலையில் நாடெங்கும் ஐந்து நிமிட நேரம் கணக்கெடுப்பு நடத்தப்பட்டமையே அதற்குச் சான்று.

ஆகவே, குடும்பங்கள் செய்யத் தக்கது யாது? வந்த விலங்கை அறிந்து, அதற்கேற்ற காவலை அமைப்பதே. பன்றிக்குப் பரிகாரம் உறுதியான வேலி. கிளிசிரீடியாக் கம்புகளை நெருக்கமாக நட்டு, அடியிலே கல்லடுக்கி, மூக்கு நுழையாதபடி செய்யலாம். முள்ளம்பன்றி தோண்டி நுழைவது. ஆதலால் அதற்குத் தகரத்தை மண்ணுக்குள்ளும் சிறிது புதைத்து நிறுத்த வேண்டும். அறுவடைக்கு முந்திய சில வாரங்களில் நான்கைந்து குடும்பங்கள் முறைவைத்து இரவுக் காவல் இருந்து, தகரம் தட்டி, விளக்குக் காட்டினால் ஒரு குடும்பத்தின் தூக்கம் மாத்திரம் கெடாது. கோழிக் கூண்டின் அடிப்பாகத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, சிறு கண்ணுள்ள கம்பிவலை அடித்தால் கீரியும் மரநாயும் ஏமாந்து போகும். கன்றைத் திறந்தவெளியில் முளையடித்துக் கட்டாமல், கூரையும் நான்கு புறமும் பலகை அடைப்பும் உள்ள கொட்டிலில் இரவிலே அடைத்துக் கதவிட வேண்டும். நாயையும் உள்ளே விட வேண்டும். குப்பையைக் குழிவெட்டிப் புதைத்து, லயத்தைச் சுற்றியுள்ள புதரை வெட்டிவிட்டால், சிறுத்தை பதுங்கிவர மறைவிடம் இராது.

மலைக்குப் போகிறவர்களும் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளலாம். விடியலிலும் மாலை மங்கலிலும் தனித்துச் செல்லாமல் பேசிக்கொண்டே கூட்டமாகச் செல்வது நல்லது. மனிதர் அரவம் கேட்டால் சிறுத்தை விலகிப் போகும் சுபாவமுடையது. நெடுநாள் பறிக்காத மலையில் இறங்குமுன் கம்பினால் செடிகளைத் தட்டி ஓசை எழுப்பலாம். குளவிக் கூடும் பாம்பும் இருந்தால் அதுவும் அப்பொழுதே தெரிந்துவிடும். தேயிலைச் செடிக்கடியிலோ பாறையிடுக்கிலோ சிறுத்தைக் குட்டிகள் கிடக்கக் கண்டால் தொடாமல், கூட்டங் கூடாமல், அந்த இடத்தை விட்டு நீங்க வேண்டும். தாய் அருகிலேயே இருக்கும்; இரவுக்குள் அவற்றை வாயிற் கவ்வி வேறிடம் கொண்டு சேர்த்துவிடும். சிறுத்தையை நேரே காண நேர்ந்தால் முதுகைக் காட்டி ஓடலாகாது. அதன்மேல் கண் வைத்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். பகல் வெளிச்சத்திலே அச்சமின்றி நடமாடும் நரியையும், காரணமின்றிக் கடிக்க வரும் நாயையும் விசர் பிடித்தவையாகவே கருதலாம். கடித்த இடத்தை ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விலங்கு ஏதேனும் கம்பியில் அகப்பட்டிருப்பதைக் கண்டவர்கள் எட்ட நின்று, தோட்ட நிர்வாகத்தின் மூலமோ பொலிஸார் மூலமோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை.

இவையெல்லாம் தொழிலாளர் மட்டும் சுமக்க வேண்டிய பொறுப்புக்கள் அல்ல. கைவிடப்பட்ட தேயிலையைத் துப்புரவாக்குவதும், குப்பை அகற்ற ஏற்பாடு செய்வதும், கொட்டில் கட்டப் பலகையும் தகரமும் உதவுவதும் நிர்வாகங்களின் கடமை. ஓடைக்கரைக் காடுகளை வெட்டாமல் விட்டுவைத்தால் விலங்குகள் லயத்தை ஒதுக்கிச் செல்ல ஒரு வழி இருக்கும். மண் சரியாமலும் நீர் வற்றாமலும் இருக்க அந்தக் காடுகளே காப்பு. பாடசாலைகளிலே பிள்ளைகளுக்குத் தடம் பார்க்கக் கற்பிக்கலாம். சேற்றில் பதிந்த ஒரு சுவட்டைச் சுற்றி நின்று, நகக்குறி உண்டா, குளம்பு பிளந்திருக்கிறதா என்று ஆராயும் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த இயற்கைப் பாடம் புத்தகத்தில் கிடைப்பது அரிது.

தோட்டத்து முதியோர் பலருக்கு இந்தக் கல்வி கைவந்ததாக இருந்தது. மரையின் குரலையும் கேளையாட்டின் குரலையும் அவர்கள் வேறுபிரித்து அறிவார்கள். கான்கரைச் சேற்றைப் பார்த்து, வந்தது எது, எந்தப் பக்கம் போயிற்று என்று கூறிவிடுவார்கள். அவர்களுடைய அறிவை இளையோர் கேட்டு வாங்கிக்கொள்வார்களாயின், அழிந்த பாத்தியின் ஓரத்திலே நிற்கும் குடும்பத் தலைவன் கம்பியைத் தேடி ஓடமாட்டான்; முதலில் குனிந்து மண்ணைப் பார்ப்பான். அவன் அப்படிக் குனிந்து பார்க்கும் சில நிமிடங்களிலே அவனுடைய பயிருக்கும் பசுவுக்கும் வழி பிறக்கும். மலையிலே நடமாடும் சிறுத்தையின் உயிரும் பிழைக்கும்.